செஞ்சி மலையை நிலா வெளிச்சத்தில் எடுத்தேன், மத்தியான வெயில் மாதிரி வந்திருக்கிறது

கல்லுளிமங்கன்:

வணக்கம். தைப் பௌர்ணமி அன்று செஞ்சிக்குப் போய் கோட்டை மலைகளில் ஒன்றான ராஜகிரியை நிலா வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன். சின்ன வயதில் திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து மனதில் ஒட்டிக்கொண்ட மலை அது. யாரோ கூடை கூடையாகப் பாறையைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். ராத்திரியில் அந்தப் பாறைகளின் இடுக்கில் தேங்கி நிற்கும் கருப்புதான் எனக்கு வேண்டியிருந்தது.

வந்ததோ வேறு. ஊர்ப் பக்கம் நின்று 8 மணி வாக்கில் எடுத்தேன், கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ், கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமரா, எஃப் 3.5 (லென்ஸ் திறப்பு, எண் ஏறினால் வெளிச்சம் குறையும்), ஐஎஸ்ஓ 1600 (சென்சாரின் உணர்திறன்), 30 நொடி (பால்வெளி எடுப்பது எப்படி என்று ஒரு வீடியோவில் பார்த்த கணக்கு). வானம் நீலம், பாறை வெளுப்பு, மேலே மட்டும் நாலு நட்சத்திரம் கோடு இழுத்த மாதிரி. வீட்டில் காட்டினால் 'இதற்கு எதற்கு ராத்திரி போனாய், பகலிலேயே எடுத்திருக்கலாமே' என்கிறார்கள். போதாக்குறைக்கு மலை லேசாக மசமசவென்று இருக்கிறது, ஃபோகஸ் ரிங்கைக் கடைசிவரை திருப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். படத்தை இணைத்திருக்கிறேன். நல்ல லென்ஸ் வாங்கினால்தான் சரியாகுமா?

இருட்டறை:

லென்ஸுக்குக் காசு செலவழிக்காதீர்கள் தம்பி. உங்கள் படத்தின் கீழ் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், புல்லின் மேல் மூன்று கால் நிழல் ஒன்று விழுந்திருக்கிறது, அது உங்கள் டிரைபாட். நிழல் நேராக மலையைப் பார்த்துப் போகிறது. அப்படியென்றால் நிலா உங்கள் முதுகுக்குப் பின்னால்! செஞ்சி ஊர் மலைக்குக் கிழக்கே இருக்கிறது, பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே கிளம்பும், நீங்கள் மேற்கே பார்த்து நின்றிருக்கிறீர்கள். ஒவ்வொரு பாறையின் நிழலும் அந்தப் பாறைக்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொண்டது. நீங்கள் தேடிப் போன கருப்பு அங்கேதான் இருந்தது, மலைக்கு அந்தப் பக்கம்.

பக்கவாட்டில் நிலா வர வேண்டும். வடக்கே நின்று தெற்கே பாருங்கள், அல்லது தெற்கே நின்று வடக்கே. நேரமும் முக்கியம், நம் ஊர் 12 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் நிலா கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும், மணிக்கு 15 டிகிரி. உதித்து ஒன்றரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் வரைதான் நிழல் நீளமாக, அழகாக இருக்கும். மார்கழி, தையில் நடுராத்திரிக்கு நிலா உச்சந்தலைக்கே வந்துவிடும், அப்போது பாறையெல்லாம் மொட்டை வெயிலில் நிற்கிற மாதிரிதான் தெரியும்.

அடுத்து எக்ஸ்போஷர். பால்வெளிக் கணக்கு நிலா இல்லாத இரவுக்கானது. பௌர்ணமிக்கு எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800, 15 நொடி வைத்துத் தொடங்குங்கள். உங்கள் கணக்கோடு ஒப்பிட்டால் இது மூன்று ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு மாறும்) மேலே குறைவு, அதாவது நீங்கள் உள்ளே விட்ட வெளிச்சம் இதைப் போல 10 மடங்கு. நிலா வெளிச்சம் என்பதே சூரிய வெளிச்சம் ஒரு சாம்பல் நிறக் கல்லில் பட்டுத் திரும்பி வருவதுதான், தாராளமாக உள்ளே விட்டால் பகலாகத்தான் பதியும். கேமராத் திரையை நம்பாதீர்கள், இருட்டில் எந்தப் படமும் அதில் பளிச்சென்று தெரியும். ஹிஸ்டோகிராமைப் (படத்தில் இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடம்) பாருங்கள், மேடு இடப்பக்கம் சாய்ந்திருக்கட்டும், ஆனால் இடது ஓரத்தில் முட்டக் கூடாது.

நட்சத்திரம் கோடாவதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 500-ஐ ஃபோகல் நீளத்தால் வகுக்க வேண்டும், கிராப் சென்சாரில் 18 என்பது 27-க்குச் சமம், ஆக 18 நொடி. நீங்கள் 30 போய்விட்டீர்கள். ஃபோகஸுக்கு லைவ் வியூவில் (கேமராத் திரையில் நேரடியாகத் தெரியும் காட்சி) நிலாவையே பெரிதாக்கித் துல்லியமாக்குங்கள், அப்புறம் மேனுவலுக்கு மாற்றிவிட்டு ரிங்கைத் தொடவே தொடாதீர்கள். பல லென்ஸ்களின் ரிங் இன்ஃபினிட்டியை (தொலைதூர ஃபோகஸ் புள்ளி) தாண்டியும் திரும்பும், உங்கள் மசமசப்பு அதனால்தான் என்று நினைக்கிறேன். முன்னால் ஒரு பாறை வேண்டுமென்றால் 4 மீட்டர் தூரத்தில் இருக்கும் கல்லில் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்தால் போதும், 18-இல் எஃப் 5.6 வைத்தால் 2 மீட்டரிலிருந்து தொலைதூரம் வரை தெளிவாக நிற்கும்.

நீலநிலா:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஒயிட் பேலன்ஸை (கேமராவில் படத்தின் நிறச் சாயலை மாற்றும் அமைப்பு) 3200 கெல்வின் பக்கம் இறக்குங்கள். நீலம் ஏறினால்தான் பார்க்கிறவர்களுக்கு அது ராத்திரி.

இருட்டறை:

இதில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். நிலா வெளிச்சம் 4100 கெல்வின் பக்கம், சூரிய வெளிச்சத்தைவிடக் கொஞ்சம் மஞ்சள்தான். மங்கலான வெளிச்சத்தில் நம் கண் நிறம் பார்ப்பதை விட்டுவிட்டு நீலப் பக்கத்துக்குக் கூர்மையாகிவிடுகிறது, அதனால்தான் நீலமாகத் தோன்றுகிறது. சினிமாவில் இரவு என்றாலே நீலத்தைக் கொட்டிக் கொட்டி நமக்கும் பழகிவிட்டது. ரா ஃபைலில் (நிறத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடிய மூலக் கோப்பு) எடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொள்ளலாம்.

நீலநிலா:

கண்ணுக்கு நீலமாகத் தெரிந்ததை நீலமாகக் காட்டினால் அது எப்படிப் பொய்யாகும்? சரி, விடுங்கள்.

மல்லாட்டை:

நான் செஞ்சிப் பக்கத்துக்காரன், கேமரா அவ்வளவு தெரியாது, ராத்திரி தெரியும். முதலில் பௌர்ணமி அன்று வராதீர்கள். கிரிவலத்துக்குப் போகும் பஸ்ஸும் வேனும் விடிய விடிய திண்டிவனம் திருவண்ணாமலை ரோட்டில் ஓடும், ஹெட்லைட் பாறையில் அடித்துக்கொண்டே இருக்கும். அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்கு அண்ணாமலையார், எங்கள் ரோட்டுக்கு ஓய்வே கிடையாது. இரண்டு நாள் தள்ளி வாருங்கள்.

கோட்டைக்குள் ராத்திரியில் விடமாட்டார்கள், தொல்லியல் துறை இடம், 2025-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் வந்துவிட்டது, காவலரிடம் கெஞ்சலாம் என்ற நினைப்பே வேண்டாம். கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரிக்கு வடக்கே வயல் பக்கம் நின்றால் அண்ணன் சொன்ன மாதிரி தெற்கே பார்க்கலாம். ஆனால் பகலிலேயே வந்து நிலத்துக்காரரிடம் கேட்டுவிடுங்கள். மல்லாட்டை (நிலக்கடலை) போட்ட கொல்லையில் காட்டுப்பன்றிக்கு யாராவது திருட்டுத்தனமாகக் கரண்ட் வேலி போட்டிருந்தால் ஆளையே கொன்றுவிடும், தெரியாத வரப்பில் இருட்டில் கால் வைக்காதீர்கள். பாறைச் சந்தில் கை விடாதீர்கள், தேளும் கட்டுவிரியனும் ராத்திரியில்தான் நடமாடும். பையைத் திறந்து போட்டுவிட்டு நிற்கவும் கூடாது.

இருட்டறை:

இரண்டு நாள் தள்ளிப் போவது நல்ல யோசனை. சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கழித்துதான் நிலா வரும், அதற்குள் நன்றாக இருட்டிவிடும். வெளிச்சம் குறையும், ஐஎஸ்ஓவை 1600 ஆக்குங்கள். அதற்காக அரை நிலாவுக்குப் போகாதீர்கள், பார்க்கத்தான் பாதி, வெளிச்சம் பௌர்ணமியில் பத்தில் ஒரு பங்குதான் வரும்.

கல்லுளிமங்கன்:

எல்லோருக்கும் நன்றி. மாசிப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்துப் போய் வந்தேன். நிலத்துக்காரப் பெரியவரிடம் சாயங்காலமே பேசிவிட்டேன், அப்படியும் 9 மணிக்கு டார்ச்சோடு வந்து டிரைபாடைச் சுற்றிப் பார்த்துவிட்டு 'புதையல் கிதையல் இல்லையே?' என்று கேட்டார். திரையில் காட்டினேன். 'இந்தப் பாறை இங்கே வெடித்திருப்பது எனக்கே தெரியாது' என்றார், அறுபது வருடமாக அதன் அடியில் மாடு மேய்த்தவர்.

இடது பக்கத்திலிருந்து நிலா வந்தது. 9.40 மணிப் படத்தில் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் மை. மேலே ஒரு பெரிய உருண்டை, அதன் நிழல் கீழே இருக்கும் மூன்று பாறை மேல் படிப்படியாக மடங்கி இறங்குகிறது. ஒயிட் பேலன்ஸ் 4000 வைத்தேன், இரண்டு பேரும் மன்னிக்கவும்.

10 மணிக்கு மேல் எடுத்தது எல்லாம் வீண். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், என் லென்ஸை முழுசாக மூடிவிட்டது. துடைக்கத் துடைக்கத் திரும்பவும் மூடுகிறது. இதற்கு என்ன வழி?

மல்லாட்டை:

துடைத்தால் போகாது, கண்ணாடி குளிர்ந்திருக்கிற வரை படியும். பழைய சாக்ஸில் ஒரு பிடி அரிசி போட்டுக் கட்டி, வாணலியில் லேசாகச் சூடுபடுத்தித் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள், லென்ஸ் கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டலாம். சூடு ஆறினால் எங்கள் வீட்டு அடுப்பு இருக்கிறது.