புதுப்பிப்பு: துருப்பிடித்த பழைய பைக், இப்போது நிற்காமல் ஓடுகிறது

தூத்துக்குடியில் கடலோரத் தெரு ஒன்றில் வெகுநாள் சும்மா நின்ற 2009 மாடல் 150 சிசி பைக்கை வாங்கியதாகவும், அது ஓடும்போதே அணைந்துவிடுவதாகவும் போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது: டேங்குக்குள் துரு. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைத் திறந்தால் அடியில் செம்மண் போலப் படிந்திருந்தது. அதிலுள்ள ஜெட்டை (பெட்ரோல் போகும் சிறு துளை) சுத்தம் செய்தும் இரண்டே நாளில் மறுபடி அடைத்துக்கொண்டது.

அப்புறம் டேங்கையே கழற்றினேன். பெட்ரோலை முழுதாக வடித்து, வெள்ளை வினிகர் நிரப்பி ஒரு நாள் ஊறவிட்டேன். ஒரு கைப்பிடி அளவு நட்டுகளை உள்ளே போட்டு நன்றாகக் குலுக்கினேன் (எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள்). பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசினேன். இந்த இடத்தில் தாமதிக்கவே கூடாது. ஈரமான வெற்று இரும்பில் கண்ணெதிரே துரு ஏறும். பெட்ரோல் வாடை போனபிறகு ஹேர் டிரையரால் உலர்த்தி, உடனே இன்ஜின் ஆயிலை உள்ளே சுழற்றிப் பூசினேன்.

இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். அதனால் டேங்கை நிரப்பியே வைக்கிறேன், வாரக்கணக்கில் நிறுத்துவதில்லை.

புது டேங்க் வாங்கச் சொன்னவர்களுக்கு: ஓட்டை இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். செயினுக்கு வாராவாரம் எண்ணெய், வண்டிக்கு நல்ல தண்ணீர்க் குளியல். சென்டர் ஸ்டாண்ட் பக்கத்து வெல்டிங்கில் மட்டும் துரு ஆழமாக இருக்கிறது. இந்த ஞாயிறு வெல்டரிடம் காட்டப் போகிறேன்.