அன்னாசி ஸ்மூத்தி அரை மணியில் கசந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. அளவு இதுதான்: அன்னாசித் துண்டுகள் 150 கிராம், ஃப்ரீசரில் உறைந்த வாழைப்பழம் 1, குளிர்ந்த பால் 200 மில்லி, கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி. ஜாரில் பாலும் தயிரும் முதலில், உறைந்த பழம் கடைசியில். மாற்றிப் போட்டால் பிளேடைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொண்டு மோட்டார் சும்மா இரையும், மேலே இருக்கும் பழம் அசையாது.

அரைத்த உடனே குடித்தால் அருமை. ஃப்ரிட்ஜில் அரை மணி வைத்தால் அடிநாக்கில் கசப்பு ஏறுகிறது, கிளாஸின் அடியில் நீர் தனியாக நிற்கிறது, மேலே நுரையும் சக்கையும்.

கசப்புக்குக் காரணம் அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி. பால் புரதத்தை அது உடைக்கிறது. உறைய வைத்தாலும் அடங்காது. துண்டுகளை 5 நிமிடம் கொதிக்கவிட்டால் அடங்கும், ஆனால் பச்சைப் பழ வாசனை போய் ஜாம் வாடை வந்துவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை.

வேகவைக்காமல் வழி உண்டா? பாலை விட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றினால் எத்தனை மணி நேரம் தாங்கும்? நீர் பிரியாமலிருக்க ஊறவைத்த ஓட்ஸ் நல்லதா, சியா விதையா? சியா 1 தேக்கரண்டியைத் தாண்டினால் கொழகொழவென்று ஆகிறதே! ஐஸ் கூட்டச் சொல்லாதீர்கள், உருகி இன்னும் நீர்த்துவிடும். செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.