கிரிட்விக்கன் கட்டுரை: எதைத் திருத்துவது?

கேள்வி: தென் அட்லாண்டிக் தீவான தெற்கு ஜார்ஜியாவில் இருக்கும் பழைய திமிங்கில வேட்டை நிலையமான கிரிட்விக்கன் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் திமிங்கில வேட்டையும் 1982 ஃபாக்லாந்து போரும் ஒரே பத்தியில் குழம்பிக் கிடக்கின்றன. எங்கே தொடங்கலாம்?

மறுமொழி: முதலில் இடங்களைப் பிரித்துக் காட்டுங்கள். 1982 மார்ச் 19 அன்று அர்ஜென்டினாவின் பழைய இரும்பு சேகரிக்கும் தொழிலாளர்கள் இறங்கியது அதே தீவின் லீத் துறைமுகத்தில், கிரிட்விக்கனில் அல்ல. கிரிட்விக்கனில் சண்டை நடந்தது ஏப்ரல் 3. பிரிட்டன் மீட்டது ஏப்ரல் 25.

மறுமொழி: எண்ணிக்கையில்தான் பலர் சறுக்குவார்கள். 1,75,250 திமிங்கிலங்கள் என்பது 1904 முதல் 1965 வரை தீவு முழுமைக்குமான கணக்கு. அதை ஒரே நிலையத்தின் தலையில் கட்டாதீர்கள். கிரிட்விக்கன் நிலையத்தை நிறுவிய லார்சன் நார்வேக்காரர், ஆனால் 1904இல் அதற்கான முதலீடு அர்ஜென்டினாவுடையது. தகவற்பெட்டியில் 'நார்வே நிறுவனம்' என்று போட்டால் தப்பு. லீத் நிலையத்துக்கு, அதை நடத்திய சால்வசன் நிறுவனத்தின் ஆவணங்களை எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்தில் பாருங்கள்.

மறுமொழி: மரபுச்சின்னப் பகுதியில் 1913 தேவாலயத்துக்கு இடம் கொடுங்கள். துருவப் பயணி ஷாக்கிள்டனின் கல்லறைக்கு இரண்டு வரி போதும், அதுவே ஏற்கெனவே பாதிக் கட்டுரையை விழுங்கியிருக்கும்!