தாத்தா எடுத்த ஃபிலிம் சுருள்: காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். பழைய பெட்டி ஒன்றில் தாத்தா எடுத்த சூப்பர் 8 ஃபிலிம் சுருள் (அந்தக் காலத்தில் வீட்டில் சினிமா எடுக்கப் பயன்பட்ட 8 மி.மீ. ஃபிலிம்) கிடைத்தது. 50 அடி, ஓட்டினால் 3 நிமிடம் 20 விநாடிதான். டப்பாவைத் திறந்ததும் குப்பென்று வினிகர் வாடை. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் சிதையத் தொடங்கினால் அப்படித்தான் வீசும்.

வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பாட்டி! ஈரக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார், என்னைவிடச் சின்ன வயதில். நான் பார்த்த பாட்டி படுக்கையோடு கிடந்தவர்.

ஓரத் துளைகள் சில கிழிந்திருக்கின்றன, ஃபிலிமும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. புரொஜெக்டரில் ஓட்ட எனக்குப் பயம். துளைகளில் மாட்டி இழுக்கும் பல்சக்கரம் இல்லாத ஸ்கேனரில் கொடுத்து டிஜிட்டல் வீடியோவாக எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன கேட்டுக் கொடுக்க வேண்டும்? அதுவரை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, ஓடவிட்டுத்தான் காட்ட வேண்டும்.