மின்காந்த 'டிரான்சிஷன்': 'நிலைப்பெயர்வு' என்ற சொல்லுக்கு ஆதரவாக

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் அணுக்கரு மின்காந்த ஆற்றலை உமிழ்ந்தோ பெற்றோ ஓர் ஆற்றல் நிலையிலிருந்து இன்னொன்றுக்குச் செல்வதை ஆங்கிலத்தில் 'டிரான்சிஷன்' என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் எது என்ற நம் உரையாடலில் முன்மொழியப்பட்ட 'மாற்றம்', 'சிதைவு', 'இறக்கம்', 'தாவல்' ஆகிய நான்கையும் ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது; 'நிலைப்பெயர்வு' என்பதையே நான் முன்வைக்கிறேன். பெரிலியம்-11 என்ற ஓர் அணுக்கருவைக் கொண்டே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

நான்கு புரோட்டான்களும் ஏழு நியூட்ரான்களும் கொண்ட இந்த அணுக்கரு, 320 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) உயரத்திலுள்ள கிளர்நிலையிலிருந்து (ஆற்றல் கூடிய நிலை) ஒரு காமா கதிரை உமிழ்ந்து அடிநிலைக்கு (ஆற்றல் மிகக் குறைந்த நிலை) வருகிறது, பிறகு, 13.8 நொடி அரை ஆயுளுடன், பீட்டா சிதைவுற்று (அதாவது ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி) பெரும்பாலும் போரான்-11 ஆகிறது. முதல் நிகழ்வில் பெரிலியம் பெரிலியமாகவே இருக்கிறது. இரண்டாவதில் தனிமமே வேறாகிவிடுகிறது. 'மாற்றம்', 'சிதைவு' இரண்டும் பின்னதற்கே வழங்கிவருபவை. முன்னதற்கும் அவற்றையே வைத்தால் மாணவர் கட்டாயம் குழம்புவார். குருப்பெயர்ச்சியில் குரு மாறுவதில்லை, ராசிதான் மாறுகிறது. 'பெயர்தல்' என்ற வினை நமக்குத் தேவையான பொருளை ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறது.

'இறக்கம்' நல்ல சொல்தான்; ஆனால் அளவீட்டு முறைகள் அதற்கு இடங்கொடுப்பதில்லை. 1983இல் வெளியான ஆய்வு இக்கிளர்நிலையின் சராசரி ஆயுளை 166 ஃபெம்டோ நொடி (ஒரு ஃபெம்டோ நொடி, நொடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) என்று தந்தது. விரைந்து செல்லும் அணுக்கரு பொருளுக்குள் வேகமிழப்பதற்கு முன்பே கதிரை உமிழ்ந்ததா, பின்னரா என்பதை அக்கதிரின் டாப்ளர் பெயர்ச்சி (உமிழும் பொருளின் வேகத்தால் கதிரின் ஆற்றலில் தோன்றும் விலகல்) காட்டிக்கொடுக்கும்; அதிலிருந்து ஆயுளைக் கணக்கிடலாம். இது இறங்கும்போது அளப்பது. வான்கூவரிலுள்ள டிரையம்ஃப் ஆய்வகத்திலோ பெரிலியம்-11 கற்றையைப் பிளாட்டினத் தகட்டின்மீது செலுத்தி, பிளாட்டினக் கருவின் மின்புலத்தால் அதே அணுக்கருவை மேல்நிலைக்கு ஏற்றி அளந்தார்கள். முடிவு 2014இல் வெளியானது. ஏறினாலும் இறங்கினாலும் அறியவேண்டிய வலிமை, அதாவது இந்நிகழ்வு எவ்வளவு எளிதில் நடக்கும் என்ற அளவு, ஒன்றே என்பதால், சொல்லும் இரு திசைக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

'தாவல்', எலக்ட்ரான் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதாகக் காட்டும் பாடப் படங்களோடு ஒட்டிப்போன சொல். கூட்டுச்சொற்களிலும் எளிதில் பொருந்தாது.

வெறும் 'பெயர்வு' போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். மேலே 'டாப்ளர் பெயர்ச்சி' வந்ததைக் கவனியுங்கள். ஒரே பத்தியில் இரண்டும் மோதும். 'நிலை' என்ற முன்னொட்டு அந்த மோதலைத் தவிர்க்கிறது. 'நிலைமாற்றம்' பனிக்கட்டி நீராவது போன்றவற்றுக்குப் பழகிவிட்டதால் அதை நாடவில்லை.

சொல்லைச் சோதிக்க ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: "கார்பன்-16இன் முதல் கிளர்நிலைக்கு 2004இல் ஜப்பானின் ரைக்கன் நிறுவனத்தில் ஏறத்தாழ 77 பிக்கோ நொடி ஆயுள் கிடைத்தது, 2008இல் பெர்க்லியில் அளந்தபோது அது 12 பிக்கோ நொடிக்குச் சுருங்கியது, ஆயுள் குறைந்தால் வலிமை கூடும் என்பதால், அதன் மின் நான்முனை நிலைப்பெயர்வு வலிமை முதலில் கருதியதைப்போலப் பல மடங்கு ஆயிற்று." ('மின் நான்முனை' என்பது நிலைப்பெயர்வின் ஒரு வகை; பிக்கோ நொடி, நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு.) எனக்கு இது தடையின்றி ஓடுகிறது. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் தங்கள் சொல்லை இதே வாக்கியத்தில் இட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.