72 வயது அம்மாவுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்?

தண்டையார்பேட்டை மகன்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 72, எடை 52 கிலோ. சர்க்கரை நோய் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவுக்கு நடந்தே போய்வந்தவர், இப்போது தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடிவதில்லை. கைவளையல்கள் முழங்கை வரை ஏறுகின்றன. காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறும் மோரும், இரவில் கஞ்சி, இடையில் இரண்டு முறை தேநீர். இவ்வளவுதான் அவருடைய சாப்பாடு. பல் விழுந்ததால் கறியைத் தொடுவதில்லை. அப்பா போன பிறகு வீட்டில் மீன் குழம்பும் நின்றுவிட்டது.

புரதம் போதவில்லை என்றார் மருத்துவர். எவ்வளவு வேண்டும் என்று நான் கேட்பதற்குள் அடுத்த சீட்டு எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். வயதானவர்களுக்குப் பருப்பையும் முட்டையையும் கூட்டினால் சிறுநீரகம் கெடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், பெரம்பூர்:

தம்பி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். ஆனால் 65 வயதைக் கடந்தவர்களுக்கு அது போதாது என்பது முதியோர் மருத்துவர்கள் பலரின் கருத்து. ஐரோப்பிய முதியோர் மருத்துவச் சங்கம் அமைத்த வல்லுநர் குழு 2013-இல் நலமாக இருக்கும் முதியவர்களுக்கே கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் என்றும், நோயுற்றவர்களுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்றும் சொன்னது. உங்கள் அம்மாவின் எடைக்கு நாளொன்றுக்கு 52 முதல் 62 கிராம் வரை வரும்.

வயது ஏறினால் தேவை ஏன் கூடுகிறது என்று கேட்பீர்கள். சாப்பாட்டிலிருந்து வரும் புரதத்தைக் கொண்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகம் முதிய தசையில் மந்தமாகிவிடுகிறது. இளையவருக்கு ஒரு வேளையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.24 கிராம் கிடைத்தால் நடக்கிற வேலைக்கு, முதியவருக்கு 0.4 கிராம் தேவைப்படுகிறது. அம்மாவுக்கு அது வேளைக்கு 20 கிராம் போல ஆகும். நீங்கள் எழுதிய சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தால், இரண்டு இட்லியும் சட்னியும் 6 கிராமைத் தாண்டாது. நாள் முழுவதற்கும் சேர்த்து 25 கிராம் தேறினாலே அதிகம்.

சாம்பார் ஊற்றுகிறோமே என்று நம் வீடுகளில் ஆறுதல் கொள்கிறார்கள். 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம் இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு கரண்டி நீர்த்த சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கும் என்று குழம்பு வைக்கிறவர்களுக்குத் தெரியும். கெட்டிப் பருப்பாகக் கடைந்து நெய் விட்டுக் கொடுங்கள். காலையில் ஒரு முட்டையும் (6 கிராம்) 200 மில்லி பாலும் (6 கிராம்) சேர்ந்தாலே காலை வேளையின் புரதம் மூன்று மடங்காகும். மாலையில் குழைய வெந்த கொண்டைக்கடலையை மசித்துக் கொடுக்கலாம். அதோடு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை முடிந்த அளவு தினமும் செய்யச் சொல்லுங்கள். தசைக்கு வேலை கொடுக்காமல் புரதத்தை மட்டும் கூட்டினால் பலன் குறைவு. யாராவது அருகில் நிற்பது அவசியம்.

திருவொற்றியூர் வாசகர்:

உறவினர்கள் சொல்வதை முழுவதும் தள்ளிவிட வேண்டாம். என் தகப்பனார் சிறுநீரக நோயாளி. டயாலிசிஸ் தொடங்கும் முன்பு அவருக்குப் புரதத்தைக் குறைத்தார்கள், தொடங்கிய பின்பு கூட்டச் சொன்னார்கள். ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவுப் புரதம் கெடுத்துவிடாது. ஏற்கெனவே வெகுவாகப் பழுதுபட்டிருந்தால்தான் கட்டுப்பாடு வேண்டும். எனவே முதலில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தத்தில் அளக்கும் கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்தவருக்குச் சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும் அந்த எண் சரியாக இருப்பதுபோல் தோன்றும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் இறங்குகிறதா என்றும் பார்த்துவிட்டு, மருத்துவரிடம் இந்த ஐயத்தைக் கேளுங்கள்.

காசிமேட்டுப் பெண்:

பல் இல்லாதவருக்கு மீனைவிட நல்லது எது? 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் வரை புரதம் இருக்கிறது. வஞ்சிரம்தான் சத்து என்று விலை கொடுத்து ஏமாற வேண்டாம். நெத்தியிலும் மத்தியிலும் அதே புரதம்தான். சுறாவை வேகவைத்து உதிர்த்துப் புட்டு செய்தால் முள்ளுக்கும் பயமில்லை, மெல்லவும் தேவையில்லை. கருவாட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த உப்பு ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் விலை ஏறும். அப்போது முட்டையைக் கூட்டிக்கொள்ளலாம்.

தண்டையார்பேட்டை மகன்:

எல்லோருக்கும் நன்றி. இரத்தம், சிறுநீர் இரண்டையும் பரிசோதித்தோம். கிரியாட்டினினை மட்டும் நம்ப வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டதற்கு, வேறொரு இரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, தயக்கமின்றிப் புரதத்தைக் கூட்டலாம் என்றார். மருந்துக்கடையில் கொடுத்த புரதப் பொடி டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு வேளை அளவில் இருந்த புரதம் ஒரு முட்டைக்குக்கூட ஈடாகவில்லை, சர்க்கரைதான் அதிகம்.

வெள்ளியும் செவ்வாயும் அம்மா முட்டையையும் மீனையும் தொடமாட்டார். அந்த நாள்களுக்கு என்ன செய்வது?

ஓய்வுபெற்ற செவிலியர், பெரம்பூர்:

காலையில் பாசிப்பருப்பைத் தாராளமாகப் போட்டுக் குழைத்த பொங்கல், மதியம் கெட்டிப் பருப்போடு கொஞ்சம் பன்னீர், மாலையில் பொட்டுக்கடலை மாவைப் பாலில் கரைத்த கஞ்சி. அரிசியில் குறைவான லைசின் என்ற புரதக் கூறு பருப்பில் நிறைய உண்டு, ஆகவே இரண்டும் சேர்ந்தால் புரதத்தின் தரமும் கூடும். இரவுக் கஞ்சியிலும் ஒரு பிடி பாசிப்பருப்பைச் சேர்த்து வேகவையுங்கள்.