ஷாரஸை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

லிதுவேனியாவில் கௌனஸ் நகரத்தில் மருத்துவம் படித்தவன் நான். அங்கே போகும்வரை எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட்தான். வாடகைக்குப் போன முதல் வாரமே வீட்டுக்காரப் பாட்டி கேட்டார், "ஷாரஸைத் தெரியுமா?" தெரியாது என்றதும் அவருக்கு முகமே வாடிவிட்டது.

ஷாருனாஸ் யாசிகெவிச்யுஸ், கூடைப்பந்து ஆட்டக்காரர். 1976-ல் அதே கௌனஸில் பிறந்தவர். ஊருக்கே அவர் ஷாரஸ். பாட்டி அவர் கதையை சிட்னியிலிருந்து ஆரம்பிப்பார். 2000 ஒலிம்பிக் அரையிறுதி, எதிரில் அமெரிக்கா. ஷாரஸ் மட்டும் 27 புள்ளிகள். கடைசி நொடியில் அவர் எறிந்த பந்து வளையத்தை எட்டவில்லை, 85-83 என்று லிதுவேனியா தோற்றது. அந்த எறிதலைக் கையில் கரண்டியோடு சமையலறையில் நின்று செய்து காட்டுவார் பாட்டி. கை உயர்ந்து அப்படியே நின்றுவிடும். அப்புறம் 2003-ல் ஐரோப்பிய சாம்பியன், 2004 ஏதென்ஸில் அதே அமெரிக்காவை 94-90 என்று வென்றது என்று சொல்லிக்கொண்டே சூப்பை இறக்குவார்.

நான் பார்த்தது பயிற்சியாளர் ஷாரஸை. 2018 ஏப்ரல், ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் யூரோலீக்கின் காலிறுதித் தொடர், எங்கள் ஊர் ஜால்கிரிஸ் அணிக்கும் கிரீஸின் ஒலிம்பியாகோஸுக்கும் நான்காவது ஆட்டம். நெமுனாஸ் ஆற்றுத் தீவில் இருக்கிற அரங்கம் முழுக்கப் பச்சை. பெஞ்சுக்குப் பின்னால் நாலைந்து வரிசை தள்ளி எனக்கு இடம் கிடைத்தது. மனிதர் கோட்டோரமாகக் குந்தி உட்காருவார், திடீரென்று எழுந்து கத்துவார். ஒரு டைம் அவுட்டில் பலகையில் மார்க்கரை அழுத்திக் கோடு போட்டதில் மை தீற்றிவிட்டது. உள்ளங்கையால் துடைத்துவிட்டு அதே கையால் பக்கத்து வீரரின் பிடரியைப் பிடித்துப் பேசினார். அன்று 3-1 என்று தொடரை வென்று, 1999-க்குப் பிறகு முதன்முறையாக ஜால்கிரிஸ் கடைசி நான்கு அணிகள் மோதும் 'இறுதி நால்வர்' சுற்றில் நுழைந்தது. பக்கத்து இருக்கைக்காரர், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், பூண்டு தேய்த்த கறுப்பு ரொட்டியை என் கையில் திணித்துவிட்டு அழுதார்.

வேறு யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

* * *

தம்பி, நான் அபுதாபியில் இருக்கிறேன். எனக்கு அவரை அறிமுகப்படுத்தியது ஒரு வீடியோ. 2017-ல் அரையிறுதித் தொடர் நடக்கும்போது அகுஸ்தோ லிமா என்ற ஜால்கிரிஸ் வீரர் தன் குழந்தை பிறப்பதைப் பார்க்கப் போய்விட்டார். அது சரியா என்று ஒரு நிருபர் கேட்கிறார். அனுமதித்ததே நான்தான் என்கிறார் ஷாரஸ். உனக்குக் குழந்தை இருக்கிறதா, முதல் குழந்தையைப் பார்க்கும்போது புரியும் என்று நிதானமாகச் சொல்கிறார். கோட்டோரம் அந்தக் கத்து கத்துகிற மனிதரின் குரலா அது!

என் மகள் பிறந்தபோது அப்போதைய மேலாளர் எனக்கு லீவு தரவில்லை. மருத்துவமனையிலிருந்து மனைவி அனுப்பிய போட்டோவை சைட்டில் ஹெல்மெட்டோடு நின்று பார்த்தேன். அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

2025 மே மாதம் யூரோலீக் இறுதி நால்வர் எங்கள் ஊருக்கே வந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு எதிஹாத் அரங்கத்துக்குப் போனேன். எங்கள் இருக்கை ரொம்ப மேலே, ஆனாலும் கோட்டோரம் நடக்கிற நடையிலேயே ஆளைத் தெரிந்தது. அவர் பயிற்சி கொடுத்த துருக்கி அணி ஃபெனர்பாஹ்சே, இறுதி ஆட்டத்தில் மொனாக்கோவை 81-70 என்று வென்றது. ஆட்டக்காரராக பார்சிலோனா, மக்காபி, பனதினைகோஸ் என மூன்று அணிகளில் நான்கு கோப்பை வாங்கியவருக்குப் பயிற்சியாளராக அதுதான் முதல் யூரோலீக் கோப்பை. "அப்பா, அந்த மாமாவா லீவு கொடுத்தவர்?" என்றாள் மகள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

* * *

அண்ணா, அன்று இரவே நான் பாட்டிக்கு போன் செய்தேன். துருக்கி அணி ஆடினால் என்ன, ஜால்கிரிஸின் பச்சைத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் பார்த்தாராம்.